இரவல் மஞ்சள், சொந்தச் சண்டை

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) எட்டு அணிகள். சேப்பாக்கம், திண்டுக்கல், கோவை, மதுரை, சேலம், நெல்லை, திருப்பூர், திருச்சி. 2016-ல் போட்டி தொடங்கியபோது காரைக்குடிக்குக்கூட ஓர் அணி இருந்தது. கள்ளக்குறிச்சிக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2019 நவம்பர் 26 வரை இப்படியொரு மாவட்டமே கிடையாது. விழுப்புரத்தின் மேற்கு ஓரம், அவ்வளவுதான். தாய் மாவட்டமான விழுப்புரத்துக்கே அணி இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

ஆனாலும் மார்ச் மாதம் பாதி போனதும் ஐ.பி.எல்.லுக்காக ஊர் கட்சி கட்டிக்கொள்கிறது. கச்சிராயபாளையம் சாலையில் சலூன் டிவி இரவு பதினொன்றரை வரை அணைவதில்லை. சங்கராபுரத்தில் துணிக்கடை வாசலில் ஏழாம் எண் போட்ட மஞ்சள் பனியன் தொங்குகிறது. பக்கத்திலேயே பதினெட்டாம் எண் சிவப்பு, நாற்பத்தைந்தாம் எண் நீலம். மூன்றுக்கும் ஒரே விலை. டாஸ் போடும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஆரம்பித்துவிடும். கரும்பு வெட்டப் போகிறவர், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், ஐ.டி.ஐ. மாணவர், செல்போன் கடைக்காரர் என்று எல்லோரும் ஏதோ ஒரு பக்கம். பக்கம் சேராதவனை யாரும் நம்புவதில்லை.

சென்னை இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். மும்பையோ வேறு உலகம். இந்த இரண்டு நகரங்களின் பெயர் போட்ட கம்பெனி அணிகளுக்காகச் சின்னசேலத்துப் பையன் தன் சொந்த மாமன் மகனோடு நான்கு நாள் பேசாமல் இருக்கிறானே, அது ஏன்?

மற்ற நாடுகளில் இதற்குப் பதில் எளிது. அமெரிக்கப் பேஸ்பாலில், பாஸ்டனில் பிறந்தவன் ரெட் சாக்ஸ், நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவன் யாங்கீஸ். கிளாஸ்கோவில் கால்பந்து அணி செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் மதப் பிரிவே முடிவு செய்துவிடும். பேஸ்பால் என்றால் நமக்குத் தமிழ் சினிமா அடியாட்கள் கையில் இருக்கும் கட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த விளையாட்டின் ரசிகர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நம் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை 1919 கடைசியில் பாஸ்டன் நியூயார்க்குக்கு விற்றது. 1918-க்குப் பிறகு அந்த அணி மறுபடி உலகத் தொடரை வென்றது 2004-ல். 86 வருடம். சிகாகோ கப்ஸ் ரசிகர்களுக்கு அதைவிட மோசம்: 1908-க்கு அடுத்து 2016. கோப்பை வந்த நாட்களில் மைதானத்தின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் எழுதியவற்றில் பல, செத்துப்போன அப்பா, தாத்தாக்களின் பெயர்கள். ஒருவர் வட கரோலினாவிலிருந்து காரோட்டிப்போய் இண்டியானாவில் தன் அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து இறுதிப் போட்டியின் வர்ணனையைக் கேட்டார். கோப்பையைச் சேர்ந்து பார்ப்போம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம்.

நம்மிடம் அந்த அப்பா இல்லை. ஐ.பி.எல். பிறந்ததே 2008-ல். இன்று சலூனில் கத்துகிறவனின் அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் இந்தியா மட்டும்தான். பஞ்சாயத்து டிவியில் பார்த்த சச்சின்தான். பரம்பரையாக வராத விசுவாசம் என்பதால் ஒவ்வொருவரும் தானே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வை இந்த ஊர்களில் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். அணியைவிட எதிராளியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அண்ணன் சென்னை என்றால் தம்பி மும்பை. மச்சான் மும்பை என்றால் இவன் பெங்களூரு. தோனியையோ கோலியையோ பிடித்துப்போவது உண்மைதான். ஆனால் பத்தில் ஆறேழு பேரைக் கிளறினால், பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ வெறுப்பேற்ற வேண்டிய ஓர் ஆள் இருந்திருப்பான். அவனுக்கு எதிராக எடுத்த கட்சியே பிறகு உண்மையான காதலாகிவிட்டிருக்கும்.

2019 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மே 12, ஹைதராபாத். மும்பை 149, சென்னை 148. தோனி ரன் அவுட்டா இல்லையா என்று மூன்றாவது நடுவர் மறுபடி மறுபடி பார்த்த படம், முட்டியில் ரத்தம் கசியக் கசிய வாட்சன் அடித்த 80, கடைசிப் பந்தில் மலிங்காவின் ஏமாற்று வேகத்தில் ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் ஒரு டீக்கடையில் போய் ‘அது அவுட்டா மாப்ள?’ என்று மெதுவாகக் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மடக்கப் பேசும் பேச்சில் மும்பையும் இருக்காது, சென்னையும் இருக்காது. ‘உனக்கு எப்பவுமே பேச்சுதான், அன்னிக்கு வண்டிக்குப் பெட்ரோல் போட்டதே நாந்தான்’ என்கிற பழைய கணக்குதான் வெளியே வரும்.

கல்வராயன் மலைக்கு ஏறினால் கதை கொஞ்சம் மாறுகிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல். இங்குள்ளவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996-ல். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில்தான் வெளியுலகில் பலரும் இதைக் கேள்விப்பட்டார்கள். அதே 1996 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டனில் இலங்கையிடம் இந்தியா தோற்கும் நிலையில் ரசிகர்கள் இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள், ஆட்டமே நிறுத்தப்பட்டது. நாட்டின் ஒரு மூலையில் கிரிக்கெட்டுக்காக மைதானத்தைக் கொளுத்துகிறார்கள். இன்னொரு மூலையில் மனிதர்கள் முதன்முதலாக ஓட்டுப் போடக் காத்திருக்கிறார்கள்.

இன்று மலையிலும் மஞ்சள் பனியன் உண்டு. ஆனால் பெங்களூரு அணியின் சிவப்பும் சரிக்குச் சரி கண்ணில் படுகிறது, அதற்குக் காரணம் பிழைப்பு. சாமை, மரவள்ளி வருமானம் போதாமல் மலை இளைஞர்கள் பல மாதங்கள் வெளியே வேலைக்குப் போகிறார்கள்: கர்நாடகக் காப்பித் தோட்டம், பெங்களூரில் கட்டட வேலை, கேரளத்தில் மிளகு பறிப்பு, திருப்பூர் பனியன் கம்பெனி. பெங்களூரில் தங்கும் கொட்டகையில் எல்லோரும் ஒரே அணிக்குக் கத்தும்போது ஒருவன் மட்டும் ஒதுங்கி நிற்க முடியுமா? போனவன் சிவப்போடு திரும்புகிறான். கேரளம் போய் வந்தவன் அர்ஜென்டினாவோடு வருகிறான். 2022 நவம்பரில் கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் போட்டி போட்டுக்கொண்டு வைத்த கட்அவுட்களை ஃபிபாவே உலகுக்குக் காட்டியது. அந்தக் காய்ச்சல் வாளையாறு தாண்டி, வேலைக்குப் போய்த் திரும்பியவர்களோடு மலைக்கும் வந்திருக்கிறது.

மலையில் கிரிக்கெட் ஆடுவதே ஒரு தனிக் கலை. அறுவடை முடிந்த நிலம் சரிவாக இருக்கும். பந்து உருண்டால் ஓடைக்குத்தான் போகும். அதனால் சட்டம் எளிது: அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும். எவ்வளவு பெரிய தோனி ரசிகனும் இங்கே தரையோடு தட்டித்தான் ஆடுவான். நேரலை பார்ப்பதும் அப்படித்தான். சிக்னல் எட்டும் மேட்டில் ஒரே போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். கடைசி ஓவரில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டால், யார் கட்சி என்பதெல்லாம் மறந்துபோய் எல்லோரும் சேர்ந்து டவர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

பெங்களூரு மீதான பகையில் இன்னொரு புளிப்பும் சேர்ந்திருக்கிறது: தண்ணீர். திருக்கோவிலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலையில் பிறப்பது. 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை–கொல்கத்தா ஆட்டம் காவிரிப் போராட்டத்துக்கு நடுவில்தான் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது, மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சூதாட்டப் புகாரில் இரண்டு வருடத் தடை முடிந்து அணி திரும்பியிருந்த வருடம் அது. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு தனி ரயில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு புனே போனது. தண்ணீருக்காக நின்றவனும் தமிழன்தான், ரயில் ஏறியவனும் தமிழன்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் அன்று எத்தனையோ. தடைக்காலத்தில் தோனி புனே அணிக்கு ஆடியபோது இந்தப் பக்கத்து மஞ்சள்காரர்களில் பலர் சத்தமில்லாமல் புனேக்காரர்களாக இருந்தார்கள். அவர்களிடம் இப்போது அதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

பிறகு வந்தது 2024 மே 18. சின்னசாமி மைதானத்தில் பெங்களூரு 218, சென்னை 191. தோற்றாலும் 201 எடுத்திருந்தால் சென்னை அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். கடைசி ஓவரின் முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட். 2025-ல் நிலைமை இன்னும் முற்றியது. 2008-க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது, பதினெட்டாவது முயற்சியில் கோப்பையும் வாங்கியது. சென்னை வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம். அத்தனை வருடம் ‘கப்பு எங்கடா?’ என்று கேட்டுக் கேட்டு ருசி கண்டவர்கள் ஒரே மாதத்தில் போன் டிபியை மாற்றி வைத்தார்கள், சிலர் சாமி படம் வைத்தார்கள். கோப்பை வாங்கிய மறுநாள், ஜூன் 4 அன்று, பெங்களூரில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணும் அதில் உண்டு. அன்று கேலிப் படங்கள் நின்றுபோயின. இங்கே சண்டை நிற்கும் நேரமும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இந்த விசுவாசம் எவ்வளவு தூரம் போகும்? கள்ளக்குறிச்சியின் தெற்கு எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி பக்கம் அரங்கூர் என்று ஒரு கிராமம். 2020 அக்டோபரில் அங்கே ஒருவர் தன் வீடு முழுவதையும் மஞ்சள் அடித்து, சுவரில் தோனியை வரைந்து, ‘தோனி ரசிகனின் வீடு’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். துபாயில் வேலை பார்த்தவர். சுமார் ஒன்றரை லட்சம் செலவு. இதில் எனக்குப் பிடித்தது அந்த மாதம்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த அந்த சீசனில் சென்னை முதன்முறையாகப் பிளே ஆஃப் போகாமல் ஏழாவது இடத்தில் கிடந்தது. ஜெயிக்கிறபோது கொடி பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். இவர் தோற்றுக்கொண்டிருந்த அணிக்குச் சுண்ணாம்பு அடித்தார். தோனியே நன்றி சொன்னார். 2024 ஜனவரியில் அந்த ரசிகர் இறந்துபோனார்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை ஒளிக்க முடியாது. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் நண்பர்கள் இருவர் குடித்துக்கொண்டே கிரிக்கெட் பேசினார்கள். ஒருவர் ரோகித் கட்சி, மற்றவர் கோலி கட்சி. கேலி முற்றி, ஒருவர் மற்றவரை கிரிக்கெட் மட்டையால் அடித்தே கொன்றதாக வழக்கு. பிறகு சமூக ஊடகத்தில் கோலியைக் கைது செய்யச் சொல்லி ஹேஷ்டேக் ஓட்டினார்கள். ஓர் உயிர் போனதைக்கூட ரசிகர் சண்டைக்கு ரன்னாக மாற்றிக்கொண்ட அந்தக் கும்பலை நினைத்தால் எனக்குக் கொலையைவிட அதிகமாகவே குமட்டுகிறது. கொலையில் சாராயமும் இருந்தது, ஒருவனின் திக்குவாயை மற்றவன் கிண்டல் செய்ததாகவும் சொல்லப்பட்டது, கிரிக்கெட் சாக்கு. பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடத்தான் அணி என்று மேலே சொன்னேனே, அந்தப் பக்கத்திலேயேதான் ஆபத்தும் இருக்கிறது.

கொல்கத்தா இதற்கு நூறு வருட மூத்தது. 1889-ல் மோகன் பகான், 1920-ல் ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டு கால்பந்துக் கிளப்கள். மேற்கு வங்கத்துப் பூர்விகக்காரர்களுக்கு ஒன்று, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு மற்றொன்று. ஜெயித்தால் ஒரு தரப்பு இறால் வாங்கும், மறு தரப்பு ஹில்சா மீன் வாங்கும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் கேலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அங்கே கால்பந்து, பிரிவினையின் காயத்தையும் பிழைப்பையும் வாடகை வீட்டுத் தகராறையும் சேர்த்துச் சுமந்தது. ஐ.பி.எல். சண்டைக்குக் கள்ளக்குறிச்சியில் அந்த கனம் கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலமும் சாதியும் கோயில் முதல் மரியாதையும் கலக்காத சண்டை இந்த மண்ணில் அபூர்வம். தெருவுக்குத் தெரு பேச்சு வார்த்தை இல்லாத ஊர்களிலும் ஒரே மஞ்சள் பனியனை இரண்டு தெருவும் போட்டுக்கொள்கிறது.

சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் வந்ததும்தான் இந்த இரவல் கணக்கில் சிக்கல் வந்தது. நெசவுத் தொழிலாளி மகன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். டி.என்.பி.எல்.லில் கண்ணில் பட்டு, 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடி, 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டம்தான். ஆக, மலைக்காரர்களுக்கு அவர் அண்டை ஊர்க்காரர். ஆனால் அவர் ஆடியது ஹைதராபாத்துக்கு. தோனிக்கு நடராஜன் பந்து போட ஓடி வரும்போது சிக்ஸ் போக வேண்டும் என்று வேண்டுவதா, ஸ்டம்ப் பறக்க வேண்டும் என்று வேண்டுவதா? நான் பார்த்தவரை இதற்கு யாரும் நேர்ப் பதில் சொன்னதில்லை. ‘நட்டுவுக்கு ரெண்டு விக்கெட், ஆனா மேட்ச் நமக்கு’ என்பதே பொதுச் சமரசம். சென்னை என்று பெயர் வைத்த அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் மஞ்சள்காரர்கள் பத்ரிநாத், பாலாஜி, முரளி விஜய், அஸ்வின் என்று பழைய பட்டியலை எடுப்பார்கள். பட்டியலின் பெரும்பகுதி 2015-க்கு முந்தையது.

அணி யாருடையது என்ற கேள்விக்கு இங்கேதான் வர வேண்டும். பார்சிலோனா கால்பந்துக் கிளப்பின் தலைவரை அதன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் பாதிக்கு மேல் வாக்குரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி. அமெரிக்காவில் அப்படியில்லை, முதலாளி நினைத்தால் அணியையே பெட்டி கட்டிவிடுவார். புரூக்ளின்காரர்கள் உயிராக நினைத்த டாட்ஜர்ஸ் அணியை வால்டர் ஓ’மாலி 1957 சீசன் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனார். நம் ஐ.பி.எல். அமெரிக்க வழி. கொச்சி டஸ்கர்ஸ் ஒரே சீசனில் காணாமல் போனது. டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் முடிந்தது. அந்தப் பனியன்களை வாங்கியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை, 2025 நவம்பரில் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கியபோதும் அப்படித்தான். வியாபாரமாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். சலூனில் அழுதவனுக்கு அதில் கையெழுத்து இல்லை.

கையெழுத்து இருக்கும் ஆட்டம் ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது: கபடி. பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களின்போதும் இரவு முழுக்க நடக்கும் போட்டிகள். போகஸ் லைட், சவுக்குக் கட்டைத் தடுப்பு, மைக்கில் தொண்டை கட்டிய வர்ணனை. முதல் பரிசு இன்னார் உபயம், கோப்பை இன்னார் நினைவாக என்று நோட்டீஸில் ஒவ்வொரு பெயரும் இருக்கும். இங்கே இரவல் கிடையாது. உள்ளே ரைடு போகிறவன் யார் மகன், எந்தத் தெரு என்று கோட்டுக்கு வெளியே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே சூடும் அதிகம். ஒரு போனஸ் பாயிண்டுக்கு ஆட்டம் அரை மணி நேரம் நிற்கும். போலீஸ் அனுமதி வாங்காமல் இப்போது யாரும் நடத்தத் துணிவதில்லை, அது நல்லதுதான். பெரிய தகராறு வருவது ‘வெளி ஆள்’ இறக்கும்போது. ஜெயிக்க வேண்டும் என்று பக்கத்து மாவட்டத்திலிருந்து காசு கொடுத்து ஒரு ரைடரைக் கூட்டி வந்துவிடுவார்கள். எதிரணி ஆதார் அட்டை கேட்கும். ஐ.பி.எல்.லில் ஆஸ்திரேலியக்காரன் சென்னைக்கு ஆடினால் விசில் அடிக்கிற அதே வாய், இங்கே ஆத்தூர்க்காரன் நம்ம ஊருக்கு ஆடினால் ஒத்துக்கொள்ளாது.

போட்டி முடிந்து இரண்டொரு நாளில் கோயில் திண்ணையில் வரவு செலவு வாசிப்பார்கள். நுழைவுக் கட்டணம் இவ்வளவு, மைக் செட் இவ்வளவு, நடுவர்களுக்கு இவ்வளவு, புரோட்டாக் கடை பாக்கி இவ்வளவு. வெளி ஆளுக்குக் கொடுத்த தொகை ‘இதரச் செலவு’ என்ற பெயரில் வரும். அப்போது பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், பெரும்பாலும் பங்குப் பணம் இருநூறு ரூபாய் கொடுத்தவர், எழுந்து நின்று கேட்பார்: ‘அந்த இதரச் செலவு என்னா செலவு, அதக் கொஞ்சம் வெளக்கிச் சொல்லுங்கண்ணா.’ விளக்கம் சொல்லி முடிக்காமல் குழுவில் ஒருவரும் திண்ணையை விட்டு எழ முடியாது.